கொலைகள் குறைந்தும் அச்சம் ஏன் குறையவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஐந்து கொலை' என்ற மாதிரியான தலைப்புகளை நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி பார்க்கிறோம். செய்தியில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் படிப்பவர் மனத்தில் 'நேற்று ஏதோ விபரீதம் நடந்துவிட்டது, நாடு கெட்டுக்கொண்டே போகிறது' என்ற எண்ணம்தான் தங்குகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் பதிவான கொலை வழக்குகள் 1,690. இதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 4.6 வருகிறது. அதாவது ஐந்து கொலை நடந்த நாள் என்பது ஏறக்குறைய சராசரியான நாள். ஒரு கொலைக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டு நிகழ்தகவுக் கணக்குப் போட்டால், நிலவரத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே ஆண்டில் முப்பத்தைந்து நாள்களுக்கு எட்டோ அதற்கு மேலோ விழும். ஏழெட்டு நாள்களில் எண்ணிக்கை பத்தைத் தொடும் அல்லது தாண்டும். பழிக்குப் பழி, ஒரே சம்பவத்தைத் தொடர்ந்து வரும் மோதல்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் அப்படிப்பட்ட நாள்கள் இன்னும் கூடும். ஒரு நாள் கணக்கை வைத்து அச்சமூட்டும் தலைப்பு எழுத நினைத்தால், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வாய்ப்புக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

பத்தாண்டுப் போக்கைப் பார்த்தால் படம் வேறு. 2012-ல் தமிழ்நாட்டில் 1,949 கொலை வழக்குகள், லட்சம் பேருக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. 2022-ல் அது 2.2. நாடு முழுவதும் 1992-ல் 40,105 கொலைகள் பதிவாயின, லட்சத்துக்கு 4.6. 2022-ல் 28,522 கொலைகள், லட்சத்துக்கு 2.1. 2023-ல் எண்ணிக்கை மேலும் குறைந்து 27,721 ஆனது. மக்கள்தொகை ஐம்பது கோடிக்கு மேல் பெருகிய காலத்தில் நடந்த குறைவு இது. அந்த 2023-ஆம் ஆண்டின் அறிக்கை வெளிவந்தது 2025 செப்டம்பர் கடைசியில்தான். அச்சமூட்டும் செய்தி அரைமணி நேரத்தில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, ஆறுதல் தரும் எண் வர ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. இந்த இடைவெளியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மற்ற குற்றங்களை விட்டுவிட்டுக் கொலையை முதல் அளவுகோலாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. பிணத்தை மறைப்பது கடினம், பதிவு செய்யாமல் தட்டிக்கழிப்பதும் கடினம். திருட்டு, மிரட்டல், சீண்டல் ஆகியவற்றில் எண்ணிக்கை என்பது நடந்ததை மட்டும் காட்டுவதில்லை, புகார் கொடுக்கப்பட்டதா, அதை வாங்கினார்களா என்பதையும் சேர்த்தே காட்டும். கொலைக் கணக்கிலும் நேர்மையாக ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு, வெட்டுப்பட்டவர் அரசு மருத்துவமனை போய்ச் சேரும் நேரம் குறைந்தது. முன்பு இறந்திருக்கக்கூடிய சிலர் இன்று பிழைக்கிறார்கள், வழக்கு கொலை முயற்சியாக நின்றுவிடுகிறது. நாடு முழுக்கக் கொலை குறைந்த அதே பத்தாண்டில் கொலை முயற்சி வழக்குகள் ஏறியிருக்கின்றன. அந்த ஏற்றத்தில் எவ்வளவு மருத்துவத்தால் வந்தது, எவ்வளவு வன்முறையால் வந்தது, ஒரே வெட்டுக்காயத்தை ஆயுதத்தால் காயப்படுத்தியதாக எழுதாமல் கொலை முயற்சிப் பிரிவில் எழுதும் ஆய்வாளரின் முடிவால் எவ்வளவு வந்தது என்று பிரித்துச் சொல்ல இந்த அட்டவணைகளால் முடியாது. ஆகவே 'கொலை குறைந்தது' என்று சொல்லலாம். 'வன்முறையே குறைந்தது' என்று அடித்துச் சொல்வதற்கு முன் கொலை முயற்சி வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மக்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், உண்மையில் எது நடக்கிறது என்ற இரண்டுக்கும் இடையிலும் பெரிய தூரம் இருக்கிறது. அச்சமெல்லாம் முகம் தெரியாதவன் மீது: இரவில் கதவைத் தட்டுபவன், நகைக்காகக் கழுத்தை நெரிப்பவன், வடமாநிலத் தொழிலாளி. 2022-ன் 28,522 கொலைகளுக்குப் பதிவான நோக்கங்களில் தகராறு 9,962, முன்விரோதம் 3,761. ஆதாயத்துக்காக நடந்தவை 1,884, ஏறத்தாழ பதினைந்தில் ஒன்று. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் ஆண்டுதோறும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் குற்றம் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவரே. உயிர்ப்பயத்தையே கணக்கில் எடுத்தால், 2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர், கொலையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். தலைக்கவசம் இல்லாமல் கடைக்குப் போய்வருவதைப் பற்றி நம் வீடுகளில் அவ்வளவு பேச்சு எழுவதில்லை.

எண்கள் எப்படித் திசைமாற்றும் என்பதற்கு 2020 நல்ல பாடம். 'நாட்டில் குற்றங்கள் 28% உயர்வு' என்பது அந்த ஆண்டு அறிக்கை வந்தபோது எழுதப்பட்ட தலைப்பு. மொத்த எண்ணிக்கை 51.56 லட்சத்திலிருந்து 66.01 லட்சமாக ஏறியது உண்மை. காரணம் என்ன? பெரும்பாலும் ஊரடங்கை மீறியவர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவிலும் பிற பிரிவுகளிலும் போட்ட வழக்குகள். அரசு உத்தரவை மீறிய வழக்குகள் ஒரே ஆண்டில் 29,469-லிருந்து 6,12,179 ஆயின. திருட்டு வழக்குகளோ 6.75 லட்சத்திலிருந்து 4.93 லட்சமாக இறங்கின. முகக்கவசம் அணியாதவரும் டீக்கடையைத் திறந்தவரும் கொள்ளையரும் ஒரே கூட்டுத்தொகைக்குள் வந்தார்கள். மொத்தக் குற்ற எண்ணிக்கை என்ற ஒன்றைத் தலைப்பில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் எதுவும் தெரியாது.

2013-ஐயும் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-ல் 24,923, அடுத்த ஆண்டு 33,707. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது. குற்றத்தின் வரையறை விரிந்தது, சம்மத வயது பதினெட்டானது, இத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவலருக்குச் சிறை என்று 166ஏ பிரிவு வந்தது, பெண்களும் துணிந்து நிலையத்துக்கு வந்தார்கள். அந்த ஏற்றம் பெருமளவு பதிவின் ஏற்றம். ஆள்கடத்தல் எண்ணிக்கை ஏறியதும் இதே வகைதான். காணாமல் போன குழந்தை குறித்த புகாரைக் கடத்தல் என்றே கருதி முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. பதினேழு வயதுப் பெண் காதலனோடு வீட்டைவிட்டுப் போனாலும், பெற்றோர் புகார் கொடுத்தால் கணக்கில் அது கடத்தல். 2022-ன் 1,07,588 கடத்தல் வழக்குகள் என்ற எண்ணைப் படிப்பவரோ வேனில் வந்து பிள்ளை பிடிக்கும் கும்பலைத்தான் நினைத்துக்கொள்கிறார்.

இனி வரும் அறிக்கைகளில் எதிர்ப்பக்கமாகவும் தவறு நடக்கப் போகிறது, இப்போதே சொல்லி வைக்கிறேன். 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருள் திருட்டு இப்போது காவல்துறை நேரடியாக முதல் தகவல் அறிக்கை போடக்கூடிய வகையில் இல்லை. இதனால் மட்டுமே திருட்டு வழக்குகள் குறைந்ததாகத் தெரியும். பறிப்புக்குத் தனியாக 304-ஆம் பிரிவு வந்திருக்கிறது. முன்பு திருட்டு என்றோ வழிப்பறி என்றோ எழுதப்பட்ட செயின் பறிப்பு இனி அந்தத் தலைப்புக்கு நகரும். 2023-ஐயும் 2025-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், வழிப்பறி குறைந்தது என்று ஆட்சியாளர்களும், புதிதாகப் பறிப்பு பெருகியது என்று எதிர்க்கட்சியினரும் சொல்ல இடம் கிடைக்கும். இரண்டுமே ஆதாரமில்லாத பேச்சு.

இவ்வளவு எண்களையும் எடுத்துச் சொன்னாலும் மக்கள் நம்ப மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கைப்பேசியைப் பேருந்தில் பறிகொடுத்தவர் நிலையத்துக்குப் போனால், 'தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். வாகனம் திருடு போனால் 'நாலு நாள் தேடிப் பாருங்கள்' என்கிறார்கள். முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக, புகார் வந்ததை மட்டும் குறிக்கும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கையில் வருகிறது. காப்பீட்டு நிறுவனம் முதல் தகவல் அறிக்கையைக் கேட்கும்போதுதான் அந்த ரசீது வழக்கே இல்லை என்பது அவருக்குத் தெரிகிறது. தன் புகார் கணக்கில் ஏறவில்லை என்று நேரில் கண்டவர், கொலைக் கணக்கை மட்டும் எப்படி நம்புவார்? அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பதிவின் மீதான நம்பிக்கை போன பிறகு, குறைந்தது என்று சொல்லும் எண் ஒவ்வொன்றும் மூடிமறைப்பாகவே தெரியும்.

ஆய்வாளர் ஏன் பதிவு செய்யத் தயங்குகிறார்? மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, 'போன மாதத்தைவிட ஏன் கூடியிருக்கிறது?' என்பது. மேலதிகாரிக்கு அந்தக் கவலை எங்கிருந்து வருகிறது? 'மாவட்டத்தில் திருட்டு 20% உயர்வு' என்று மறுநாள் வரப்போகும் செய்தியிலிருந்து. ஒழுங்காகப் பதிவு செய்யும் நிலையத்தைப் பத்திரிகை குற்றம் மலிந்த இடம் என்று காட்டுகிறது, புகாரைத் திருப்பி அனுப்பும் நிலையம் அமைதியான இடமாகப் பெயர் வாங்குகிறது. அதைப் பார்த்துப் பதிவு மேலும் குறைகிறது, நம்பிக்கை மேலும் போகிறது, அச்சம் ஏறுகிறது. இந்தச் சுற்றில் உங்கள் பத்திரிகைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால்தான் இந்தக் கடிதத்தைக் காவல்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலிருந்தே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை தங்களுடையதில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இணையவழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். மறுத்தால் புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். நடுவர் முன் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

நம் ஊரில் கேமரா வந்த கதையும் இதில் சேரும். தெருத்தெருவாகக் கண்காணிப்புக் கேமரா வைத்ததால் செயின் பறிப்பில் ஆளைப் பிடிப்பது எளிதானது. அதே கேமராவின் பதிவு அன்று மாலையே ஊடகத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விடுகிறது. முன்பு தென்காசிச் சம்பவம் தென்காசிப் பதிப்பின் உள்பக்கத்தில் நான்கு வரி. இன்று ஓசூரில் இருப்பவர் அதை இருபது முறை பார்க்கிறார். அவர் பார்க்கும் குற்றம் பெருகியிருக்கிறது, அவர் தெருவில் நடக்கும் குற்றம் பெருகவில்லை. அமெரிக்காவிலும் 1993-க்குப் பிறகு வன்குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியானது. ஆனாலும் கேலப் கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலான ஆண்டுகளில் நூற்றுக்கு அறுபது பேருக்குக் குறையாமல் 'நாட்டில் குற்றம் கூடிவிட்டது' என்றே சொன்னார்கள். தங்கள் பகுதியைப் பற்றிக் கேட்டால் அப்படிச் சொல்வோர் குறைவு.

இந்த அச்சம் ஆளைக் கொன்றும் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்துக் கூட்டம் அடித்தது. சென்னையைச் சேர்ந்த மூதாட்டி இறந்தார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதே மாதம் பழவேற்காட்டில் ஓர் ஆணை அடித்துக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொளிகளில் ஒன்று, கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பைக்கில் வந்தவர் குழந்தையைத் திருப்பி விடும் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின, 2024 தொடக்கத்தில் மறுபடியும் பிள்ளை பிடிக்கும் வதந்தி வந்தது. இப்படிப்பட்ட குரல்பதிவில் தேதி இருக்காது, காவல் நிலையத்தின் பெயர் இருக்காது, 'நம்ம ஏரியா' என்று மட்டும் இருக்கும். காணொளியில் கடைப்பலகையின் மொழியையும் வண்டியின் எண்பலகையையும் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் 100-க்கோ 112-க்கோ அழைத்துக் கேட்கலாம், குழந்தை தொடர்பானது என்றால் 1098.

கணக்கை நம்பும்படி செய்ய உலகில் கண்டுபிடித்த வழி, பாதிக்கப்பட்டோரிடமே நேரில் கேட்பது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்திலிருந்தும், இங்கிலாந்து, வேல்ஸில் 1982-லிருந்தும் வீடுவீடாகக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகு குற்றம் இறங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடிவது இதனால்தான். காவல்துறைப் பதிவு விதிகள் மாறிமாறி எண்களைக் குழப்பின, கணக்கெடுப்பு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தியாவில் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் சென்னை உட்பட நான்கு நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இப்படிக் கேட்டு, 2017-ல் அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டுக்கென அரசே இதை இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தலாம். சில விஷயங்களில் கவனம் வேண்டும். 'கடந்த 12 மாதத்தில்' என்று கேட்டால், மூன்று வருடத்துக்கு முந்தைய திருட்டையும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். 'போன பொங்கலுக்குப் பிறகு' என்று கேட்டால் நினைவு சரியாக நிற்கும். 'பயமாக இருக்கிறதா?' என்பதைக் கடைசியில் கேட்க வேண்டும், முதலில் கேட்டால் மற்ற பதில்களை அது இழுத்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிப் பெண்களிடம் பெண் ஊழியர் தனியாகக் கேட்காவிட்டால் உண்மை வராது. புகார் கொடுத்தீர்களா, ரசீது தந்தார்களா, முதல் தகவல் அறிக்கை தந்தார்களா என்ற மூன்று கேள்விகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

அச்சத்தைக் கொலை விகிதத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது கண்ணில் படும் சீர்கேடு. எரியாத தெருவிளக்கு, டாஸ்மாக் வாசலில் நடைபாதையை அடைத்து நிற்கும் கூட்டம், பேருந்து நிறுத்தத்தில் பெண்களைச் சீண்டுபவன். இவற்றைப் பற்றிய புகாருக்குச் 'சின்ன விஷயம்' என்று பதில் வரும் வரை, மாலை ஏழு மணிக்கு மேல் மகளை டியூஷனுக்கு அனுப்பத் தயங்கும் தாயிடம் எந்தப் புள்ளிவிவரமும் எடுபடாது. சென்னையில் விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொல்லி 1913-ல் புகார் செய்யலாம். கம்ப எண் இல்லாமல் 'முனையில் உள்ள விளக்கு' என்று சொல்லும் புகார்தான் பெரும்பாலும் அலைக்கழிகிறது.

அச்சத்துக்கு அரசியல் விலையும் உண்டு. 'சுட்டுத் தள்ளுங்கள்' என்ற குரலுக்குக் கைதட்டல் கிடைப்பதும், 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைப்பதில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பதும் இந்த மனநிலையில்தான் எளிதாகின்றன.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சதவீதம் போடும்போது அடிப்படை எண்ணையும் லட்சம் பேருக்கான விகிதத்தையும் சேர்த்துப் போடுங்கள். மாவட்டத்தில் இரண்டாக இருந்தது நான்கானால் அதை நூறு சதவீத உயர்வு என்று எழுதாதீர்கள். நிருபர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு: வழக்கமான எண்ணின் வர்க்கமூலத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 25 கொலை நடக்கும் மாவட்டத்தில் அது 10. 15-க்கும் 35-க்கும் இடையில் எந்த எண் வந்தாலும் ஓராண்டை வைத்துப் போக்கு என்று சொல்ல முடியாது, ஐந்தாண்டை அடுக்கிப் பார்க்க வேண்டும். கைதான அன்று முதல் பக்கத்தில் வந்த வழக்கு, தண்டனையிலோ விடுதலையிலோ முடியும் அன்றும் அதே அளவு இடம் பெறட்டும். தீர்ப்பைப் பார்க்காத வாசகர், யாருமே தண்டிக்கப்படுவதில்லை என்று நினைப்பது இயல்பு.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் மாவட்ட நிருபர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு மனு அனுப்பட்டும். காவல் நிலையம் வாரியாகக் கடந்த 12 மாதத்தில் கொடுக்கப்பட்ட சி.எஸ்.ஆர். எத்தனை, அவற்றில் முதல் தகவல் அறிக்கையாக மாறியவை எத்தனை, கைப்பேசி தொலைந்ததாகப் பதிவானவை எத்தனை, திருடு போனதாகப் பதிவானவை எத்தனை என்று நான்கு கேள்விகள் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். 'தகவல் தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தால், நிலையத்திலேயே பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வரும் எண்களை எந்த நிலையத்தையும் குற்றம் மலிந்த இடம் என்று குறிப்பிடாமல், இரண்டு பத்தியாக அருகருகே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி